பைக் பந்தயம் பார்க்கப் போன வாழைக்குலை

வாசலில் நின்ற காவலர் முதலில் குலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் குலையைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? முழுத் தாரா?”

செவ்வாழைக்குலை. காம்பில் பழைய செய்தித்தாளைச் சுற்றி, சணல் கட்டி, ஒரு பழம்கூட உதிராமல் எங்கள் ஊர் அஞ்சுகிராமத்திலிருந்து சென்னை வரைக்கும் ரயிலில் கொண்டுவந்திருந்தோம். முன்பின் தெரியாதவர்கள் ஏதாவது கேட்டால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

கூட வந்த என் சுயம்பு அண்ணன்தான் முன்னால் வந்தார். “பழந்தான் சார். வெடிக்காது.”

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லார் முதுகிலும் ஒரு சின்னப் பை, தலையில் ஒரு தொப்பி. அவ்வளவுதான். எங்களிடம் மூன்று பை, ஒரு பாய், இரண்டு குடை, ஐந்தடுக்கு டிபன் கேரியர், குழாய் வைத்த எவர்சில்வர் தண்ணீர் டிரம். போதாததற்கு இந்தக் குலை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நான் ரவிக்கை தைக்கிறவள். புதுத் துணியை ஒரே இழுப்பில் நீளமாகக் கிழித்தால் ஒரு சத்தம் வருமே, அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கியதுபோல் இருந்தது. இடமிருந்து வலமாகப் போய் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது.

அந்தச் சத்தத்துக்குள் இருக்கிற ஒரு பையனைப் பார்க்கத்தான் நாங்கள் குலையோடு வந்திருந்தோம்.

பைக் ஓட்டுகிற மாப்பிள்ளை

என் மகள் அபிஷா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் கம்பெனியில் அவளோடு வேலை செய்கிறவன் விபின். ஊர் மார்த்தாண்டம். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் போனில் சொன்னாள். நான் பயந்த எதுவும் அதில் இல்லை. கடைசியில்தான் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்: “லீவு நாள்ல பைக் ரேஸ் ஓட்டுவான்மா.”

அண்ணனுக்கு அஞ்சுகிராமத்தில் பாத்திரக்கடை. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த குத்துப்போணிப் பாத்திரத்தைத் துடைத்தபடியே கேட்டார்.

“வேகமாப் போனா நம்ம ஊருல போலீசு பிடிச்சு ஃபைன் போடுகான். இவனுக்குக் கப்பு குடுக்கானாட்டி?”

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது பையனின் ஊரையும் வேலையையும் கேட்டார். பிறகு, “எனக்கு இப்பம் லீவு கெடைக்காது தங்கம். நீ பாத்துட்டுச் சொல்லு. நீ சொன்னா செரி” என்று போனை வைத்துவிட்டார்.

நீ சொன்னால் சரி. என்னைப் பற்றித் தெரிந்த யாரும் அப்படி ஒரு பொறுப்பை என் தலையில் வைக்க மாட்டார்கள். கடையில் சேலை எடுக்கும்போதுகூட, பிடித்த நிறத்தைக் கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் விரித்துப் போட்டதையே வாங்கி வருகிறவள் நான்.

மார்த்தாண்டத்துக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அபிஷாவிடம் சொன்னேன்.

“அங்க என்ன இருக்கும்? நாலு செவரும் ரப்பர் மரமும் இருக்கும். நீ பயப்படுகது வீட்டுக்கில்லயே, ரேசுக்குத்தான? அதப் பாரு. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு, கேக்கேன். பாக்காம சொல்லாத.”

அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. என் மகள் எதற்கும் குரல் நடுங்குகிறவள் இல்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஒரு காப்பியில் முடிந்த கல்யாணம்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாயால் சொல்லக்கூட வேண்டாம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது பெரியப்பாவும் உடன் போயிருந்தார். வெயிலில் வெகுதூரம் நடந்த களைப்பு. “யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லுகோம்” என்று அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே, பெரியப்பா முன்னால் இருந்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார். கூடவே ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரமும். அந்த வீட்டுப் பெண்கள் உள்ளே குலவை போட்டுவிட்டார்களாம். அப்பாவுக்கு மேலே பேச ஒன்றுமில்லை.

அந்தக் காப்பியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர்தான் அமைந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தையல் மெஷினில் தனியாக இருக்கும்போது சில சமயம் நினைத்துக்கொள்வேன். பெரியப்பாவுக்குத் தாகம் எடுத்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. இரண்டுக்கும் நடுவில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயில் ஏறும் முன் அண்ணன் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்:

“ஏட்டி, ரெண்டு காரியம் மனசுல வச்சுக்கோ. ஒண்ணு, அங்கன எது குடுத்தாலும் கை நனைக்கப்பிடாது. ரெண்டு, அவனுக்க அம்மைய வாய் தவறிக்கூட சம்மந்தின்னு விளிச்சிரப்பிடாது.”

“நான் எங்க அண்ணே பேசப்போறேன்?”

“அதுதான் எனக்கும் ஒரு தைரியம்” என்றார்.

என்ன கொண்டு போவது?

பந்தயம் சனி, ஞாயிறு இரண்டு நாள். என்ன கொண்டு வர வேண்டும் என்று அபிஷா போனில் சொல்லியிருந்தாள். தொப்பி. கால் மூடுகிற செருப்பு. காதில் வைக்கப் பஞ்சு. தண்ணீர் பாட்டில். மழை வந்தால் போட ஒரு கோட்டு. “வேற ஒண்ணும் வேண்டாம்மா.”

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “இது மாப்பிள்ள பாக்கப் போற லெச்சணமா?” என்றார்.

கை நனைக்கக் கூடாது என்றால் நம் சோறு நம்மிடம் இருக்க வேண்டும். இரண்டு நாளைக்குத் தாங்குகிற புளிச்சாதம் கிளறினோம். நம் தண்ணீரும் வேண்டும். அதற்காகக் கடையிலிருந்து அந்த டிரம் வந்தது. ஒருவேளை எல்லாம் பிடித்துப்போய்ச் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தால் வெறுங்கையோடு நிற்க முடியுமா? அதற்காகக் குலை. குலையோடு முந்திரிக்கொத்து ஒரு டப்பா, அச்சுமுறுக்கு ஒரு டப்பா. சீப்பு அறுக்க ஒரு கத்தி.

ஆக, வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மூட்டையும் சரி என்று சொல்வதற்கு ஒரு மூட்டையும் கட்டினோம். பந்தயம் பார்ப்பதற்கு என்று ஒன்றும் கட்டவில்லை. தொப்பியை நான் மறந்தேவிட்டேன். காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

வாசலில் காவலர் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டார். டிரம்மையும் உள்ளே விடவில்லை. மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மாலையில் திரும்பி வந்தபோது டிரம் காலியாக இருந்தது. “நல்ல தண்ணிம்மா, எந்த ஊரு?” என்று கேட்டார். அவரிடம் எனக்கு இருந்த பயம் அதோடு போயிற்று.

சனிக்கிழமை கற்றது

பார்வையாளர் படிக்கட்டு முழுக்க சிமென்ட். உச்சிவெயிலில் தோசைக்கல் மாதிரி கிடந்தது. நாங்கள் கொண்டுபோனதில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தப் பாய்தான். விரித்து, அங்கே வந்து சேர்ந்துகொண்ட அபிஷாவோடு உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பொறாமையாகப் பார்த்தார்கள். இரண்டு பேர், “ஆன்ட்டி, ஓரத்துல உக்காந்துக்கலாமா?” என்று கேட்டு உட்கார்ந்தும்விட்டார்கள்.

குடையை விரித்தேன். பின்னாலிருந்து, “மறைக்குது, மறைக்குது” என்று கூப்பாடு. மடக்கினேன்.

அண்ணன் வேர்வையில் நனைந்த தன் காவித் தோர்த்தைக் கம்பி வேலியில் காயப்போட்டார். கொஞ்ச நேரத்தில் கொடி வைத்துக்கொண்டு நிற்கிற பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அண்ணா, துண்ட எடுங்க! ஓட்றவங்க கொடின்னு நெனச்சுடுவாங்க!”

மஞ்சள் கொடி காட்டினால் கவனம், சிவப்புக் கொடி காட்டினால் எல்லோரும் பந்தயத்தை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று அபிஷா விளக்கினாள். காவி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அண்ணன் அவசரமாக எடுத்து, ஊரில் பதிக் கோயிலில் கும்பிடும்போது கட்டுவதுபோல் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். “ஒரு தோர்த்துல இத்தன வண்டியையும் நிறுத்தியிருப்பேன், என்னட்டி?” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பயந்துகொண்டு போனவள்தான் நான். ஆனால் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பயம் ஓரமாகப் போய், கேள்விகள் வந்துவிட்டன. வளைவில் ஏன் முழங்காலைத் தரையில் தேய்க்கிறார்கள்? தேய்ந்தால் பேன்ட் கிழியாதா? ஒரு கூடாரத்தில் டயருக்குக் கம்பளி போர்த்தி வைத்திருந்தார்கள். டயருக்குக் குளிருமா? ஒருவன் கீழே விழப்போகிறான் என்று கண்ணை மூடினால், அவன் பாட்டுக்குச் சாய்ந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் அபிஷாவின் காதில் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முழங்காலில் தேய்வதற்கென்றே கட்டை போல ஒன்று ஒட்டியிருக்குமாம். டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்குமாம். மகள் எனக்குப் பாடம் சொல்கிற குரலை அன்றுதான் கேட்டேன். கேட்கப் பிடித்திருந்தது.

காதில் பஞ்சு வைத்தும் சத்தம் நெஞ்செலும்புக்குள் புகுந்து வந்தது. பெட்ரோலும் கருகின ரப்பரும் கலந்த வாசனை. மார்த்தாண்டத்துப் பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வீடுகளைத் தாண்டும்போது வருமே, அதற்குத் தூரத்துச் சொந்தம்.

மாலையில் விபின் எங்களைப் பார்க்க வந்தான். தலை முதல் கால் வரை தோல் உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு நேராக நடக்க முடியாது போலிருக்கிறது. கொஞ்சம் கூனி, காலை அகட்டி, புதிதாகக் கொலுசு போட்ட பிள்ளை மாதிரி நடந்து வந்தான். அவனும் கூச்சக்காரன் என்று பார்த்ததும் தெரிந்தது.

“இதுக்குள்ள வேர்க்காதா?” என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

“வேர்க்கும் அத்தே.”

அண்ணன் பலமாக இருமினார். விபினுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆன்ட்டி” என்று திருத்திக்கொண்டான். போகும்போது தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, “நாளைக்கு வெயிலு ரொம்ப இருக்கும்” என்று என் கையில் தந்துவிட்டுப் போனான்.

“தொப்பி வாங்கினா கை நனைச்சதுல சேருமா அண்ணே?”

அண்ணன் தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தல நனைஞ்சாத்தான் சேரும்” என்றார்.

முதுகைக் காட்டி இருந்தவர்

ஞாயிற்றுக்கிழமை அபிஷா எங்களை விபினின் கூடாரத்துக்கே அழைத்துப் போனாள். ஓட்டுகிறவர்களின் வண்டிகள் நிற்கிற இடம். கொஞ்சம் தள்ளிக் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒரு வளைவு. பந்தயத்தை மிகப் பக்கத்தில் பார்க்கிற இடம் அது.

அங்கே ஒரு அம்மா அந்த வளைவுக்கு முதுகைக் காட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாத்திரம். அவித்த மரவள்ளிக்கிழங்கை உதிர்த்துக்கொண்டிருந்தார். விபினின் அம்மா.

“இரிங்க, இரிங்க. வெயிலுல நிக்காதுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். “எனக்கு பேடி, பயம். பாக்க மாட்டேன். வராம வீட்டுல இருந்தா அதவிடப் பேடி. அதுனால வருவேன், ஆனா பாக்க மாட்டேன்.”

“அவங்க அப்பா வரல்லியா?” என்று அண்ணன் கேட்டார்.

“அவரு மாட்டுக்குத் துணையா வீட்டுல இருக்காரு. மாடு அவருக்குத் துணையா இருக்குன்னும் சொல்லலாம்.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே எச்சரிக்கையானேன். “விபினுக்க அம்மா” என்று நீட்டி நீட்டிக் கூப்பிட்டேன். அவரும் என்னை “அபிஷாக்க அம்மா” என்றுதான் கூப்பிட்டார். இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிக் கால் படாமல் நடந்துகொண்டிருந்தோம்.

விடியற்காலையில் மகனின் வாடகை வீட்டில் வைத்த மீன்குழம்பு ஒரு சட்டியில் மூடியிருந்தது. குடம்புளி போட்டது. காற்று அடிக்கும்போதெல்லாம் அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். அவர் மடியில் இரண்டாம் நாள் புளிச்சாதம்.

“ஒரு வாய் எடுங்களேன்” என்றார் அந்த அம்மா.

“வேண்டாம், வயிறு நிறைஞ்சு கெடக்கு” என்றார் அண்ணன். அவர் வயிறே அதை மறுத்துச் சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பையில் இருந்த சட்டை

விபினின் அம்மா தட்டு எடுக்கத் தன் பையைத் திறந்தார். இரண்டு நாள் பந்தயத்துக்கு வருகிறவர் என்ன கொண்டு வருவார் என்று எனக்கு ஒரு ஆவல். எட்டிப் பார்த்தேன்.

மேலாக ஒரு சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்டது, அரைக்கை, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி. தேய்த்து மடித்திருந்தது. தையல்காரி கண் சும்மா இருக்காது. இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

விபின் பனியன் மாதிரித் தலைவழியாகப் போடுகிற உடுப்புத்தான் போடுவான் என்று சனிக்கிழமையே கவனித்திருந்தேன். அவன் வயதுப் பிள்ளைகள் இந்த மாதிரிச் சட்டை போடுவதில்லை. “இது யாருக்கு?” என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. ஏதோ ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

“அவனுக்குத்தான். விழுந்தா தோளெலும்பு போவும். ஒருதடவ போச்சு. கையத் தூக்க முடியாது பாத்துக்கிடுங்க. தலைவழியா போடுக சட்டைய கத்திரி வச்சு வெட்டித்தான் எடுத்தோம். அதுல இருந்து முன்னால பட்டன் வச்சது ஒண்ணு எப்பவும் கொண்டு வருவேன்.”

பெண் வீட்டுக்காரியிடம் மாப்பிள்ளையின் அம்மா சொல்கிற பேச்சா இது? அண்ணன் என்னை அர்த்தத்தோடு பார்த்தார். போதுமாட்டி, கிளம்பலாமா என்று அந்தப் பார்வை கேட்டது.

எனக்கு வேறொரு கை நினைவுக்கு வந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தார். விமான நிலையத்தில் பெட்டியை இடது கையால் தள்ளிக்கொண்டு வந்தார். வலது கை முழங்கையில் சிறிது கோணியிருந்தது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒடிந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, எல்லாம் முடிந்திருக்கிறது. அத்தனை மாதமும் வாரம் தவறாமல் போன் செய்தார். “எல்லாம் சுகந்தான். நீ பயப்படாத” என்பார். அதற்குப் பிறகு அவர் சுகம் என்று சொல்லும்போதெல்லாம் எந்தக் கை என்று யோசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

என்னைப் பயப்படவிடக் கூடாது என்றுதான் மறைத்தார். தெரியும். ஆனால் அந்தக் கோணல் கையைவிட, அந்தச் சுகம் என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

“ஆரு?”

பந்தயம் தொடங்கியது. அபிஷா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விபினுடையது பச்சை வண்டி, மஞ்சள் ஹெல்மெட். முதல் சுற்றில் நடுவில் வந்தான். அடுத்ததில் இரண்டு பேரைத் தாண்டியிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

எனக்குப் பக்கத்தில் விபினின் அம்மா முதுகைக் காட்டிக் கிழங்கை உதிர்த்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே உதிர்த்து முடித்த கிழங்கு.

“சத்தத்துல மகன் வண்டி எதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்கும். சத்தம் வந்துக்கிட்டே இருந்தா போதும்.”

அதற்குள் வளைவில் பச்சை வண்டி சாய்ந்தது. எப்போதும்போலச் சாய்ந்தது. ஆனால் நிமிரவில்லை. வண்டி தனியாகச் சறுக்கிக்கொண்டு போனது. அவன் தனியாக உருண்டு சரளைக்குள் போனான். ஒரே புழுதி. படிக்கட்டிலிருந்து கூட்டம் மொத்தமாக “ஓ” என்றது. மஞ்சள் கொடி ஆடியது.

அந்த அம்மாவின் கை நின்றது. திரும்பவில்லை.

“ஆரு?”

அபிஷா வேலியில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ என்றும் சொல்லியிருக்கலாம். அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்து நின்றது என்பதை மறக்க மாட்டேன்.

“விபின்தான்” என்றேன்.

“எழும்பினானா?”

“இல்ல. இன்னும் எழும்பல்ல. புழுதியா இருக்கு.”

அவர் மடியில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“அனங்குகான், அசையுகான். கால அனக்குகான். முழங்காலு போட்டாச்சு. ரெண்டு பேரு ஓடுகாங்க. அவங்கள வேண்டாம்னு சொல்லுகான்… நிக்கான். நின்னாச்சு.”

“கை?”

“ஒரு கையத் தூக்குகான்.”

“மத்தது?”

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு மனிதனின் தோளை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

“மெதுவா… பாதி… தூக்கிட்டான். ரெண்டும் தூக்கிட்டான்.”

அவர் பையைத் திறந்து, அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்து, மறுபடியும் உள்ளே வைத்தார். அபிஷா வேலியிலிருந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாயா என்று அவள் கேட்கவில்லை. அவள் உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது.

கை நனைத்தது

விபின் நடந்தே வந்தான். தோல் உடுப்பின் தோள்பட்டை தேய்ந்து வெளுத்திருந்தது. தலைமுடியில் சரளை. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னைக்கு நல்லா ஓட்டணும்னு நெனச்சேன்.”

“நல்லாத்தான் விழுந்தீரு தம்பி” என்றார் அண்ணன். கேலிதான். சொல்லிக்கொண்டே அவன் தலைமுடியிலிருந்த சரளையைத் தட்டிவிட்டார்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். இரண்டு நாள் முழுக்க மனதில் சேர்ந்திருந்த கேள்விகளில் கடைசிக் கேள்வி அது.

“வலிக்கா?”

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அபிஷாவைப் பார்த்தான். எல்லோரும் பதிலுக்காக நின்றோம்.

“வலிக்கி” என்றான். “இடது தோளு. எலும்புக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் தொட்டுப் பாத்துச் சொன்னாரு. ஆனா நல்லா வலிக்கி.”

பயம் எனக்குப் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. அடுத்த பந்தயத்திலும் அவன் விழலாம். ஆனால் விழுந்தால் விழுந்தேன் என்று சொல்கிற வீடு இது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளை. என் மகள் அந்த வீட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு எந்தக் கை என்று யோசித்துக் கிடக்க வேண்டாம்.

குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து விபினின் அம்மாவிடம் நீட்டினேன். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தேன். அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகச் செம்பைச் சாய்த்தார். பாதித் தண்ணீர் என் ரப்பர் செருப்பில் விழுந்தது.

“ஏட்டி!” என்றார் அண்ணன்.

நான் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

“கெழங்கு இருக்கட்டும். குழம்பு கொஞ்சம் கூடுதலா ஊத்துங்க சம்மந்தி.”

அபிஷா அழுதாள். விபின் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் இரண்டு கையையும் தூக்கப் பார்த்து, வலியில் ஒன்றை இறக்கிவிட்டான். அண்ணன் புளிச்சாதத்தை மூடித் தள்ளி வைத்தார். “எனக்கும் ஒரு தட்டு எடுங்கம்மா. ரெண்டு நாளா மனுஷன் படுக பாடு” என்று பாயை விரித்தார்.

கத்தி வாசலில் இருந்ததால் குலையிலிருந்து சீப்பைக் கையாலேயே பிய்த்தார். சாப்பிட்ட கையோடு கூடாரம் கூடாரமாகப் போய் ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தார். ஜெயித்தவனுக்கும் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ஜெயித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொழுது சாயும்போது எல்லோரும் மூட்டை கட்டினோம். சம்பந்தி அந்த நீலக் கட்டச் சட்டையைத் தன் பைக்குள் வைக்கப்போனார். நான் கையை நீட்டினேன்.

“ரெண்டாவது பட்டன் ஆடுது. குடுங்க, நான் தைச்சு அடுத்த தடவ கொண்டு வாறேன்.”

அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தார். குலையும் பலகார டப்பாக்களும் போன பிறகு எங்கள் பையில் நிறைய இடம் இருந்தது. சட்டையை மேலாக வைத்தேன்.